அப்பாவின் கரிபு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருடங்களாக இழுபட்டுக்கொண்டிருந்தேன். பேனையை எடுப்பேன், பிறகு சுவாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று பேனையை மூடிவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான், ஆகையால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லும் விஷயத்தில் பிழை இல்லை.

இப்போது கடல் கடந்து வந்து, குவேக்கர்ஸ் ஹில்லில் மகனோடுதான் இருக்கிறேன். அவன் கடையில் வாங்கிவரும் தேனை ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். என் மூக்கில் நிற்பது வேறு தேன்: கறுத்தது, விறகுப் புகை மணப்பது, நாக்கின் அடியில் இலேசாகக் கசப்பது. ஆபிரிக்காவில், வெள்ளைக்காரன் ஆண்ட தங்கனிக்காவில், டபோரா என்ற ஊரில் என் அப்பா ரயில் நிலையத்தில் டிக்கட் கிளார்க்காக இருந்தார். நான் பிறந்தது அங்கேதான். மூட்டை தூக்கும் ஜூமா காட்டிலிருந்து அந்தத் தேனைக் கொண்டுவருவார். அவர் வாசலில் நின்றால் அப்பா "கரிபு" என்பார். அந்த ஊர்ப் பாஷையில் உள்ளே வாருங்கள் என்று அர்த்தம். வெள்ளைக்காரர் உட்கார ஒரு வாங்கு, இந்தியருக்கு ஒரு வாங்கு, கறுப்பருக்கு வெறும் தரை என்று பிரித்து வைத்திருந்த அந்த நிலையத்தில், எங்கள் வீட்டு வாசலில் மட்டும் எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான். அம்மாவும் சொல்லுவா, நானும் சொல்லுவேன். பேசப் பழகிய நாளிலேயே பழகிய சொல் அது.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்ற பேச்சு வந்ததும், கப்பல் ஏறி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினோம். எனக்கு ஏழு வயது. அப்பாவுக்கு ஊரில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. எங்கள் பிள்ளையார் கோயிலில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரு திருவிழா உண்டு. செலவை ஏற்றுத் திருவிழாச் செய்கிறவருக்கு ஐயர் தட்டில் வெற்றிலை, தேங்காய், பழம், மாலை வைத்துக் கொடுக்கும் மரியாதைக்குக் "காளாஞ்சி" என்று பெயர். அப்பா ஆபிரிக்காவில் இருந்த காலமெல்லாம் அதைப் பெரியப்பாவே வாங்கினார். இந்த முறை நான் வாங்குவேன் என்று கப்பலிலேயே அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

திருவிழா அன்று சுவாமி வீதி சுற்றி வந்து, ஐயர் தட்டோடு அப்பாவை நோக்கி வந்தார். அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், பெரியவர் ஒருவர் எங்களிடம் வருகிறாரே என்ற சந்தோஷத்தில், வீட்டில் சொல்லுவது போலவே "கரிபு ஐயா" என்றேன்.

பெரியப்பா சிரித்தார். பிறகு சனத்தைப் பார்த்து, கறுப்பரை இழிக்கும் சொல்லாலேயே சொன்னார்: "கேட்டியளே? கோயிலுக்குள்ளை காப்பிலிப் பாஷை. அதுகளோடை இருந்து திண்டவன்ரை கையிலையோ காளாஞ்சி?" சொல்லிக்கொண்டே தட்டைத் தன் கையில் வாங்கினார். நீட்டிய கை நீட்டியபடியே அப்பா நின்றார். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. ஜூமாவின் வாயிலிருந்து ஒரு நாளும் அப்படியொரு அழுக்குப் பேச்சு வந்ததில்லை.

அடுத்த நாள் பெரியப்பாவின் மகன் நவம் அண்ணா, என்னைவிட ஏழு வயது மூத்தவர், பள்ளிக்கூட வாசலில் நின்று "கரிப்பு வாறாள், கரிப்பு வாறாள்" என்றார். வரவேற்கும் சொல்லில் ஒரு "ப்" கூட்டிக் கரியாக்கிவிட்டார். அதற்குப் பிறகு எங்களுடையது "கரிப்பு வீடு". எனக்குக் கலியாணம் பேசி வந்தவர்களுக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஊரில் வழி காட்டினார்கள். அப்பா சாகும்வரை வீதியில் நின்று கும்பிட்டாரே தவிர, கோயிலுக்குள் போகவில்லை. அம்மா அழும்போதெல்லாம் "விடும், பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்" என்பார்.

நான் விடவில்லை. இங்கே மேய்ஸ் ஹில் கோயில் முருகனிடம் வெள்ளிக்கிழமைகளில் போய் இந்தக் கோபத்தை எடுத்துவிடு என்று கேட்டுத்தான் பார்த்தேன். அவன் எடுக்கவில்லை. சூரனை அவன் மயிலாக்கி வைத்துக்கொண்டது உண்மைதான், ஆனால் வேல் எறிந்த பிறகுதானே?

போன மாதம் நவம் அண்ணாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். பிள்ளைகள் மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். வாசலில் பெரிய எழுத்தில் "கரிபு" என்று எழுதியிருந்தது. ஹரிஸ் பார்க் கடையில் சொல்லிச் செய்த இனிப்புப் பெட்டிகளிலும் அதே சொல். மேடையில் சட்டம் போட்ட படம் ஒன்று: ரயில் மேடையில் வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமாக ஒருவர். ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய படம் அது. சண்டைக்குள் ஓடும்போது எங்களால் எடுக்க முடியவில்லை. பெரியப்பா வீட்டார் எடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து எல்லையான ஆனையிறவுக்கு அப்பால் காலடி வைக்காத பெரியப்பாதான் இந்தப் படத்தில் நிற்பவர், அந்தக் காலத்திலேயே ஆபிரிக்காவை ஆண்டு வந்த முன்னோடி என்று நவம் அண்ணாவின் பேத்தி இங்கிலிஷில் வாசிக்கிறாள், சனம் கைதட்டுகிறது. "கரிபு எங்கடை வீட்டுச் சொல்லு" என்று நவம் அண்ணா மைக்கில் சொன்னார்.

பிறகு தங்கச்சி முறைக்காரி என்று பொன்னாடை போர்த்த என்னைக் கூப்பிட்டார்கள்.

பொன்னாடையோடு மேடை ஏறினேன். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். அவரைத் தாண்டிப் போய்ப் படத்துக்குப் போர்த்தினேன். அப்பாவின் காற்சட்டையைப் பிடித்தபடி படத்தின் ஓரத்தில் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் நிற்கிறாள்; அவளை மறைக்காமல் போர்த்தினேன். மைக்கை வாங்கினேன்.

"இது என்ரை அப்பா. பக்கத்திலை நிக்கிற பிள்ளை நான். கரிப்பு எண்டு எனக்குப் பேர் வைச்சது இந்த அண்ணை. இண்டைக்கு அதே வாயாலை ஆரைக் கரிபு எண்டு கூப்பிடுறியள் அண்ணை?"

"விடு பிள்ளை, பழங்கதை. சனம் பாக்குது."

"பாக்கட்டும். அண்டைக்கும் பாத்ததுதானே."

அன்று அப்பாவின் நீட்டிய கையில் கண்ட அவமானத்தை அவர் முகத்தில் கண்டேன். ஓம், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைத் திருநீறு பூசிக்கொண்டு மறைக்கப்போவதில்லை. படத்தையும் கையோடு கொண்டுவந்தேன், ஒருவரும் மறிக்கவில்லை. காரில் மகன் மட்டும் "லெட் இட் கோ அம்மா" என்றான்.

இப்போது ஒரு புதுக்கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சகோதரர்கள் இரண்டு பேருமே ஆபிரிக்கா போனவர்களாம், அன்ரிக்கு, அதாவது எனக்கு, வயசாகி ஞாபகம் தடுமாறுகிறதாம். அதனால்தான் பேனையை மூடாமல் இதை எழுதி முடித்தேன். அந்தக் கோயில் வீதியில் இன்று எங்கள் ஆட்கள் எவரும் இல்லை. வீடு இடிந்துவிட்டது. டபோரா நிலையத்தில் அந்த வாங்குகள் இருக்கின்றனவோ தெரியாது. அப்பாவுக்கென்று மிஞ்சியிருப்பது என் சுவாமி அறையில் பொன்னாடையோடு இருக்கும் படமும் அந்த ஒரு சொல்லும்தான்.

வாசித்தவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்தவர்களுக்கும் இதைக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, கரிபு என்று நான் எழுதிய இடத்தில் ஒரு "ப்" கூட்டிவிடாதீர்கள்.