இருபத்திரண்டாவது நிமிடத்தில் புவனாக்கா

இருபத்திரண்டாவது நிமிடம் நெருங்கியதும் புவனாக்கா இருக்கையில் திரும்பி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார். ஒரு காலை மடித்து, சாய்மானத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, கைகளின் மேல் மோவாயை வைக்கிறார். பின்வரிசைகளில் இருக்கிற பதினைந்து இருபது முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால், திரையில், அவருடைய வயிறு கிழிபடுகிறது.

"அந்தக் கண்ணாடி போட்டவன் சிரிக்கறாம் பாருங்" என்று என்னிடம் சொல்கிறார். "நா உசுரு போயிக் கெடக்கறனுங். அவனுக்கு என்னுங் சிரிப்பு?"

கண்ணாடி போட்டவனுக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒருவர் வாய் திறந்து தூங்குகிறார். கடைசி வரிசையில் ஒரு ஜோடிக்குப் படம் என்று ஒன்று ஓடுவதே தெரியாது. கல்லூரிப் பையன்கள் நாலு பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, "குடலு! குடலு!" என்று கத்துகிறார்கள். புவனாக்கா உச்சுக்கொட்டுகிறார். நாலு நிமிடத்தில் அவர் செத்து முடிந்ததும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். பன்னிரண்டரைக்கு மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு ஆள் வந்துவிடும். மீதிப் படத்தை முதல் நாளைக்குப் பிறகு அவர் பார்த்ததில்லை.

புவனாக்கா நடிகை அல்ல. சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் தெருவொன்றில், வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் மெஸ் நடத்துகிறார். நாற்பத்தாறு வயது. ரசத்தை உள்ளங்கையில் ஊற்றித்தான் ருசி பார்ப்பார். வழுக்கை விழுந்த மேனேஜர் முதல் நேற்றுச் சேர்ந்த டிரெய்னி வரை எல்லோரும் அவருக்குத் தம்பிதான். நான் நாலு வருஷமாக அங்கே சாப்பிடுகிறேன். அவரிடம் "நல்லாருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போக முடியாது. "என்ன நல்லாருக்குதுங்? உப்பா, புளிப்பா? பருப்பு வெந்துச்சா?" என்று வாஷ்பேசின் வரை கூடவே வருவார். பதில் சொல்லாமல் தப்பியவர் யாரும் இல்லை. இந்தக் குணத்தோடு ஒருவர் சினிமாவில் நடித்தால் என்ன ஆகும் என்று யாராவது முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

மெஸ்ஸில் சாப்பிடுகிற யஷ்வந்த் என்ற சாஃப்ட்வேர்க்காரர்தான் படத்தின் டைரக்டர். சனி, ஞாயிறுகளில் மட்டும் படப்பிடிப்பு. அன்னூர்ப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கோழிப்பண்ணை. படத்துக்குப் பெயர் 'ஏழாம் நம்பர் ஷெட்'. சேவல் முகமூடி போட்ட பேய் ஒன்று பண்ணைக்கு வருகிறவர்களின் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவிக் கூரையில் தோரணம் கட்டும். கதை இவ்வளவுதான்.

புவனாக்கா அங்கே போனது காலை டிபன் கொடுக்க. 'பண்ணை வேலைக்காரி 2' என்ற பாத்திரத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். தட்டில் தயாராக இருந்த குடலைப் பார்த்தார். அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார். யஷ்வந்த் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "அக்கா, சும்மா படுத்திருந்தாப் போதும்" என்று கெஞ்சினார். புவனாக்கா இட்லிப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, படுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டாராம். இவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, ஊட்டுல ஆரு இருக்கறா, எதுக்குச் சாவறா? யஷ்வந்த் ஸ்கிரிப்டைப் புரட்டிப் பார்த்தாராம்; மூன்றும் அதில் இல்லை.

குடலையும் அவரே மாற்றினார். பஞ்சில் செய்திருந்த குடல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பைப்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வாங்கும் கடையில் ஆட்டுக்குடல் வாங்கிவரச் சொன்னார். ரத்தம் அவர் காய்ச்சியது. நாட்டுச்சர்க்கரைப் பாகில் பீட்ரூட் சாறு. அதில் நாலு மணி நேரம் படுத்துக்கிடந்தார். கோழித்தீவனம் சிந்திய தரை. ஒரு மணி நேரத்திலேயே எறும்பு வந்துவிட்டது. காது மடலிலும் விலாவிலும் ஏறிக் கடித்தது. ஷாட் முடியும் வரை அசையவில்லை. "செத்தவ எப்படீங் சொறிவா?" என்று பிறகு கேட்டார். ஒரு வாரம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் அவர் பெருமைப்படுவது எறும்புக்காக அல்ல. வயிறு கிழிந்து, குடல் வெளியே வந்து, கண் மேலே செருகும் அந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் கை மெதுவாகக் கீழே போய், முழங்காலுக்கு மேல் ஏறிக்கிடந்த சேலையைக் கணுக்கால் வரை இழுத்துவிடும். அதற்குப் பிறகுதான் கை ஓயும். இது யஷ்வந்த் எழுதியது அல்ல. பல வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து அவிநாசி ரோட்டில் விழுந்து கை முறிந்தபோது, முறியாத கையால் தான் முதலில் செய்த காரியம் அதுதான் என்று புவனாக்கா சொன்னார். "எத்தன வலிச்சாலும் கை அங்கதானுங் தம்பி போகும்."

இதை ஒரு ஆளாவது பார்த்தாரா என்பதுதான் அவருடைய கேள்வி. கணபதிப் பக்கம் ஒரு பழைய தியேட்டர் காலை பதினொரு மணிக் காட்சியைப் பத்து நாளைக்குக் கொடுத்தது. பத்து நாளும் புவனாக்கா போனார். நாலு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஒருநாள் கல்லூரிப் பையன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். புவனாக்கா பின்னாலேயே போனார். படிக்கட்டில் அவன் வாந்தி எடுத்து முடிக்கும் வரை தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றார். அவன் வாய் கொப்பளித்து நிமிர்ந்ததும், சேலையை இழுத்ததைப் பார்த்தாயா என்று கேட்டார். அவன் பாப்கார்ன் வெண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். அந்தக் காட்சி வந்ததையே அவன் கவனிக்கவில்லை.

இன்னொரு நாள் போஸ்டரில் தென்னந்தோப்பைப் பார்த்துக் குடும்பப்படம் என்று நினைத்து வந்த அம்மாள் ஒருவர், டிக்கெட் கிழிக்கிறவரோடு சண்டைக்கு நின்றார். எதிரில் நிற்பது யார் என்று தெரியாமல் புவனாக்காவிடமே முறையிட்டார். "அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்தாலே பாவமா இருக்குது, அதப் போயி இப்படிப் பண்றானுகளே." புவனாக்காவுக்குச் சந்தோஷம். "அது நாந்தானுங்" என்றார். அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க நல்லாத்தான இருக்கறீங்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

ரத்தம் தக்காளிச் சட்னி மாதிரி இருக்கிறது என்று ஒருவர் யூடியூபில் சொன்னார். அன்றைக்குப் புவனாக்கா மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார். "சட்னி எது, பாகு எதுன்னு தெரியாதவனெல்லாம் படம் பாக்க வந்தா என்னுங் பண்றது?" அதே ஆள் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: அந்தச் சமையல்காரம்மாவுக்கு நடிக்க வேலையே இல்லை, எல்லாம் குடலே பார்த்துக்கொண்டது. அந்த வரியை மட்டும் புவனாக்கா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். மெஸ்ஸிலும் நிலைமை சரியில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குடல் குழம்பை ஒருவரும் தொடவில்லை. அடுத்த வாரமே அதை நிறுத்திவிட்டார்.

கணவர் கதிர்வேல் கல்லூரிப் பஸ் ஓட்டுகிறார். முதல் நாள் பார்த்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, தண்ணீர் குடித்து, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உன்ற கையப் புடிச்சிருந்தது ஆரு?" முகமூடிக்குள் இருந்தது யஷ்வந்த் என்று தெரிந்ததும் சமாதானமாகிச் சாப்பிட உட்கார்ந்தார். அன்று இரவு முழுக்கப் புவனாக்கா அவரோடு பேசவில்லை.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது அண்ணன் விஷயம்.

அண்ணன் நஞ்சுண்டன் வெள்ளகோவிலில் தேங்காய்க்களம் வைத்திருக்கிறார். அவருடைய மகள் அக்ஷயாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். யாரோ ஒருவர் புவனாக்கா ரத்தத்தில் கிடக்கும் புகைப்படத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். என்ன ஏது என்று கேட்காமல் ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று கைகூப்பினார். அடுத்தவர் கூப்பினார். அரை மணி நேரத்தில் முப்பது பேர் கூப்பிவிட்டார்கள். அந்தியூரிலிருந்து பெரியப்பா ஒருவர் மாலையோடு பஸ் ஏறிவிட்டார். அவரை ஈரோட்டில் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

நஞ்சுண்டன் போன் செய்தார். "பத்திரிகை அடிக்கற ஊட்டுல எளவு விசாரிக்கறாங்க. உனக்கு இது தேவையா அம்மணி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வயிறு கிழிந்து செத்தவளே முன்னால் நின்று நிச்சயத் தட்டு எடுப்பது நன்றாயிருக்காது என்று சொந்தத்தில் பேசினார்கள். நிச்சயத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. அத்தை இல்லாமலே அது நடந்து முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை புவனாக்கா நூற்றியிருபது பேருக்குச் சமைத்தார். யாரிடமும் உப்பு எப்படி, புளி எப்படி என்று கேட்கவில்லை. எங்களுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

பத்தாவது நாள், கடைசிக் காட்சி. வரும் வழியில் சின்ன வெங்காயம் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பை நிறைய வாங்கி, தியேட்டருக்குள்ளேயே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மொத்தம் ஒன்பது பேர். இருபத்திரண்டாவது நிமிடத்தில் வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்தவர், என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"தம்பி, அங்க பாருங். என்ற அண்ணன்."

கடைசிக்கு மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை, வேட்டி. மடியில் ஒரு மஞ்சள் பை. திரையில் சேவல் முகம் கத்தியைத் தூக்கியது. பையன்கள் இல்லாத அரங்கில் புவனாக்காவின் அலறல் மட்டும் கேட்டது. நஞ்சுண்டன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.  பிறகு எழுந்து, இருக்கைகளைத் தடவித் தடவி வெளியே போனார்.

புவனாக்கா மற்ற முகங்களைப் பார்க்கவில்லை. வெங்காயப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் தகரக் கூரைக்குக் கீழே நஞ்சுண்டன் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. பத்திரிகை வைக்க மெஸ்ஸுக்குப் போனதாகவும், அங்கே பாத்திரம் கழுவுகிற அம்மா இங்கே அனுப்பியதாகவும், வந்தது வந்தோம் என்று டிக்கெட் எடுத்ததாகவும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மஞ்சள் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து நீட்டினார். இரண்டு நாள் முன்னாடியே வந்துவிட வேண்டும் என்றார். புவனாக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள்.

"படம் பாத்தீங்ளாங்ணா?"

"ம்."

"சாவறப்போ சேலைய இழுத்து உட்டனே, அதப் பாத்தீங்ளா?"

நஞ்சுண்டன் நிமிர்ந்தார். "நா எங்க அம்மணி பாத்தேன்? அவன் கத்தியத் தூக்குனதுமே கண்ண மூடிப்போட்டேன். நீ கத்துனது மட்டுந்தான் கேட்டுது."

புவனாக்கா நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். "ஏனுங்ணா, வெள்ளகோவில்ல இருந்து வந்து, டிக்கெட்டு எடுத்து, கண்ண மூடிட்டு உக்காந்திருந்தீங்ளா?"  இந்த ஊரில் ஒருத்தருக்கும் கண் இல்லை, சொந்த அண்ணனுக்கும் இல்லை என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, புவனாக்கா வெங்காயப் பையைத் தூக்கக் குனிந்தார்.

"எடுக்காத" என்றார் நஞ்சுண்டன். குரல் உயர்ந்ததில் வண்டி எடுக்க வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"வெங்காயந்தானுங்ணா."

"எடுக்காதங்கறனல்ல. குனியாத."

பையை அவரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கேட்டருகே நின்ற ஆட்டோவைக் கைகாட்டினார். புவனாக்கா ஏறும்போது முழங்கையைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தார். தனக்கு ஒன்றுமில்லை, அது ஆட்டுக்குடல், நாட்டுச்சர்க்கரை என்று புவனாக்கா எரிச்சலோடு சொல்லிக்கொண்டே இருந்தார். நஞ்சுண்டன் காதில் வாங்கவில்லை. வெங்காயத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் குனிந்து டிரைவரிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"மேடு பள்ளம் பாத்து மெதுவா உடுங் தம்பி."

ஆட்டோ கேட்டைத் தாண்டி அங்கிருந்த வேகத்தடையில் ஏறியபோது, அவருடைய வலது கை புவனாக்காவின் வயிற்றுக்கு முன்னால், தொடாமல், அணை போட்டதுபோல் நீண்டிருந்தது.