அறுநூறு என்றால் எந்த அறுநூறு

புது லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்துதான் கோவிலுக்கு வருவேன் என்று சொன்னது நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எங்கள் வீட்டில் எந்த வண்டி வாங்கினாலும், முதல் லோடு ஏற்றும் முன்னால் வீட்டின் மூத்த பெண்மணியை முன்னால் உட்கார வைத்துக் குலதெய்வக் கோவிலுக்குப் போய், வண்டியோடு கோவிலை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். என் மாமியார் போனார். அவருக்குப் பின்னால் நான் போனேன். அப்போதெல்லாம் எனக்கு முழங்கால் நன்றாக இருந்தது.

இந்த முறை அந்த முழங்கால் இல்லை. காலையில் சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. பிரஷர் மாத்திரை போட்டால் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. வீட்டில் இருக்கும்போது சொல்லத் தேவையும் இல்லை.

மருமகள் மட்டும் கேட்டாள்.

"கார்லயே வந்துருங்களேன் அத்தை. அந்த முட்டிக்கால வெச்சுக்கிட்டு அத்தன ஒசரம் ஏறோணுமா?"

"நீ போயிப் பொங்கலுக்கு அடுப்புக் கூட்டு. நான் வண்டியில வாரேன்."

ஏறியது எப்படி என்று கேட்காதீர்கள். கீழே ஒரு ஸ்டூல், அதன் மேல் நான், மேலே இருந்து டிரைவர் கையைப் பிடித்து இழுக்க, கீழே இருந்து மருமகளும் என் மகனும் தள்ள, ஒரு வழியாக உள்ளே போய் விழுந்தேன். "நெல்லு மூட்டைகூட இதுக்குச் சுளுவா ஏறுமுங்க" என்று டிரைவர் சிரித்தான். டிரைவர் எங்களிடம் ரொம்ப நாளாக இருப்பவன், அவனுக்கு அந்த உரிமை உண்டு. ஸ்டூலைக் காரில் போட்டுக்கொண்டு மருமகளும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். அது காரில் போகிறதே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நாமக்கல்லில் பாடி கட்டிய பட்டறையிலிருந்து வண்டி புறப்பட்டது. கண்ணாடிக்கு மாலை, பம்பருக்கு வாழைக்கன்று. சீட்டுக்கு உறை இன்னும் பிரிக்காமல் பளபளவென்று பிளாஸ்டிக். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ரோட்டில் போகிற ஆளெல்லாம் உச்சந்தலையாகத் தெரிகிறார்கள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

என் மகனின் மடியில் ஒரு சிவப்புப் பெட்டி. அதற்குள்ளே கை நீளத்துக்கும் மேலே ஒரு இரும்புக் கம்பி, தலைப்பக்கம் நட்டைக் கவ்வுகிற குழி, பிடிப்பக்கம் கோடு கோடாக எண்கள். டார்க் ரெஞ்ச் என்றான். எத்தனை முறுக்கு வேண்டுமோ அந்த எண்ணுக்குப் பிடியைத் திருகி வைத்துவிட்டு நட்டை முறுக்கினால், அந்த அளவு வந்ததும் அது 'டக்' என்று சொல்லுமாம். அதற்கு மேலே முறுக்கக் கூடாதாம். போனிலேயே ஆர்டர் போட்டு வரவழைத்தது. வந்த நாளிலிருந்து அதை வைத்து எதையாவது முறுக்க வேண்டும் என்று அவனுக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது.

பட்டறைக்காரர் வண்டியைக் கொடுக்கும்போது ஒன்று சொல்லியிருந்தார்: "புது வண்டிங்க. கொஞ்சம் ஓடுன பெறகு நிறுத்தி வீல் நட்டையெல்லாம் ஒருக்கா டைட் பண்ணிக்கங்க. அறுநூறு வெச்சாப் போதும்." அவ்வளவுதான் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சேந்தமங்கலம் தாண்டியதும், கோழிப்பண்ணை வாடை அடிக்கிற ஒரு இடத்தில், ஓரங்கட்டச் சொன்னான் மகன். மலை கிட்டத்தில் தெரிந்தது. மர நிழல் கிடையாது.

"எதுக்குத் தம்பி இங்க நிறுத்தற? கோவிலுக்குப் போயிப் பாத்துக்கலாமில்ல?"

"அஞ்சு நிமிசம்மா. நட்டை மட்டும் ஒரு முறுக்கு முறுக்கிட்டு வந்தர்றேன்."

இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். எனக்கு அப்போதே லேசாக முட்டிக்கொண்டு இருந்தது. கோவிலுக்குப் போய்விட்டால் அங்கே கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், மருமகளும் இருப்பாள். ஐந்து நிமிஷம்தானே என்று உட்கார்ந்திருந்தேன்.

எனக்குக் கீழேதான் இடது பக்க முன் சக்கரம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் இருவரின் தலையும் தெரிந்தது. மகன் அறுநூறு வைத்தான். முதல் நட்டுக்கு அவன் ஒருவனே முக்கினான், முடியவில்லை. டிரைவரும் சேர்ந்து பிடித்தான். இரண்டு பேரும் தொங்கினார்கள். அப்புறம்தான் 'டக்' என்றது. மகனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"கேட்டீங்களாம்மா? சொல்லுச்சு பாருங்க!"

"கேட்டுது. சீக்கிரம் வா."

இரண்டாவது நட்டும் சொன்னது. மூன்றாவது சொல்லவில்லை. தொங்கினார்கள், தொங்கினார்கள், நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போனது.

"என்னுங்ணா, ஜவ்வாட்டம் வருதுங்க" என்றான் டிரைவர்.

"புடி, புடி. இப்பச் சொல்லும்."

அது சொன்னது வேறு. வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். நட்டு, உடைந்த போல்ட்டுத் துண்டோடு ரெஞ்சின் வாயிலேயே இருந்தது. புது வண்டி, இன்னும் ஒரு லோடுகூட ஏற்றவில்லை.

"அறுநூறுன்னாரே, எந்த அறுநூறுங்ணா?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நாங்கெல்லாம் கிலோவுலதான் சொல்லுவோம். இதுல என்னமோ இங்கிலீசுல போட்டிருக்குது."

மகன் குனிந்து படித்தான். "அடி-பவுண்டுன்னு போட்டிருக்குது. அவரு சொன்னது நியூட்டனா இருக்குமோ?" உடனே போனை எடுத்து எதையோ தட்டினான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "எண்ணூத்திப் பதிமூணுன்னு வருது. அப்ப நாம கம்மியாத்தான் முறுக்கிருக்கறோம்டா. இன்னும் கூட்டோணும்."

எனக்கு அதற்கு மேலே பொறுக்கவில்லை. "ஏண்டா சாமி, கம்மியா முறுக்கினா அது எப்படிடா ஒடையும்?"

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். மகனுக்கு முகம் கறுத்துவிட்டது. அவன் தட்டியது தலைகீழ். அறுநூறு நியூட்டன் எத்தனை பவுண்டு என்று கேட்பதற்குப் பதிலாக, அறுநூறு பவுண்டு எத்தனை நியூட்டன் என்று கேட்டுவிட்டான்.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அவர் கத்தியது எனக்கும் கேட்டது.

"அறுநூறு நியூட்டனுங்க! பவுண்டுல வெச்சா நானூத்தி நாப்பத்தி மூணு. நம்ம பழைய கணக்குல அறுவது கிலோ, கொஞ்சம் முன்னப்பின்ன. மூணும் ஒரே முறுக்குத்தானுங்க. நீங்க எம்பத்தி மூணு கிலோ முறுக்கு குடுத்திருக்கீங்க, போல்ட்டு என்ன பண்ணும்?"

"ரெஞ்சுல பவுண்டுதானுங்க இருக்குது."

"ரெஞ்சு வாங்கினா அதுல என்ன எழுதிருக்குதுன்னு பாக்கோணுமுங்க. முறுக்குன மத்த போல்ட்டையும் நம்பாதீங்க, கழட்டிப் போட்டு வேற மாத்துங்க. சாமி கும்பிடப் போற வண்டி."

ஐந்து நிமிஷம் எப்போதோ போய்விட்டது. மகன் ரோட்டில் வந்த ஒரு பைக்கை நிறுத்தி, போல்ட் வாங்கச் சேந்தமங்கலத்துக்குக் கிளம்பினான். கிளம்பும்போதும், "காரை வரச் சொல்லட்டுமாம்மா? நீங்க முன்னாடி போயிருங்க" என்றான்.

அந்த இடத்தில் நான் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காரை வரச் சொன்னால், எல்லோருக்கும் முன்னால் மருமகள் "அப்பவே சொன்னேனில்ல அத்தை" என்று சொல்வாள். சொல்லாவிட்டாலும் அவள் முகம் சொல்லும்.

"வண்டியில வாரேன்னு கெளம்பிட்டேன். வண்டியிலதான் வருவேன்."

"இந்தா, அஞ்சு நிமிசத்துல வந்தர்றேன்."

அவனுடைய ஐந்து நிமிஷத்துக்கு என் கணக்கில் எவ்வளவு என்று சொல்ல எந்தப் போனிலும் வழியில்லை.

டிரைவர் ஜாக்கி போட்டான். நான் உட்கார்ந்திருந்த பக்கம் கிர்ரென்று மேலே எழுந்தது. ஏற்கெனவே உயரம், இப்போது இன்னும் உயரம். சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டான்.

"ஆத்தா, அசையாம இருங்க. ஜாக்கி மேல நிக்குது."

அசையாமல் இருந்தேன். அசையாமல் இருப்பதுதான் அந்த நேரத்தில் உலகத்திலேயே கஷ்டமான வேலை. அடிவயிறு கல்லாகிவிட்டது. வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. பிளாஸ்டிக் உறை தொடையில் ஒட்டியது. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்துதான் கிடந்தது. அந்தப் பக்கம் நகர்ந்து இறங்கலாமா என்று பார்த்தேன். நடுவில் கியர். கியரைத் தாண்டிக் காலைத் தூக்கினால் அதற்கு அந்தப் பக்கம் கிணறு மாதிரி ஆழம். ஸ்டூல் கோவிலில் இருந்தது.

டிரைவரிடம் சொல்லலாம். சொன்னால் என்ன செய்வான்? என்னைத் தூக்கி இறக்க வேண்டும். பெற்ற மகன் தள்ளி ஏற்றியதையே நான் மனதில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு இரண்டு வண்டியை வைத்து வேலை வாங்கினவள் நான். இந்த டிரைவரையே நின்ற இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறேன். அவன் கையில் இடுப்பைக் கொடுத்து, ஒதுங்க ஒரு மறைவுகூட இல்லாத ரோட்டோரத்தில், அவனை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வதா?

வாய் வரை வந்தது. வெளியே வந்தது வேறு பேச்சு.

"அதென்ன சாமி, அறுவது கிலோவும் அறுநூறும் ஒண்ணுங்கறாரு?"

அவன் நிமிர்ந்து, பழைய ஸ்பானர்க் கம்பியை எடுத்துப் படுக்கையாக நீட்டிக் காட்டினான். "ஒரு மீட்டர்க் கம்பிங்க. நட்டுல மாட்டி, நுனியில அறுவது கிலோ மூட்டையத் தொங்க உட்டா எத்தன முறுக்கோ, அத்தன முறுக்கு. அதையே நியூட்டன்ல சொன்னா ஏறக்கொறையப் பத்து மடங்கு வரும். பவுண்டுங்கறது ஒரு அடிக் கம்பியில ஒரு பவுண்டத் தொங்க உடறதுங்க. கம்பி குட்டை, எடையும் கம்மி. அதனால எண்ணு வேற. நட்டுக்கு எல்லாம் ஒண்ணுதானுங்க."

எனக்குப் புரிந்தது. எங்கள் தெரு அடிகுழாயில் ஒரு தடவை கைப்பிடி பாதியில் ஒடிந்துவிட்டது. குட்டைப் பிடியை வைத்துக்கொண்டு தண்ணீர் அடிக்க இரண்டு பெண்கள் சேர்ந்து தொங்கினோம். தண்ணீர் அதே தண்ணீர்தான்.

தண்ணீரைப் பற்றி நினைத்திருக்கக் கூடாது.

எனக்கு முன்னால் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க மலையைப் பார்த்தேன். ரோட்டில் முட்டை வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன வேகத்தில் எங்கள் வண்டி ஜாக்கியோடு ஒரு ஆட்டம் ஆடியது. டிரைவர், "ஆத்தா, புடிச்சுக்கங்க!" என்று கத்தினான். நான் இரண்டு கையாலும் முன்னால் இருந்த பிடிக்கம்பியைப் பிடித்தேன். கையில் பலத்தை வைத்ததும் மற்ற இடத்தில் பலம் போய்விட்டது.

நிறுத்த முடியவில்லை. நிறுத்த முடிகிறதா என்று பார்த்தேன், முடியவில்லை. சூடாக இருந்தது. பிளாஸ்டிக் உறை என்பதால் எங்கும் இறங்காமல் என்னைச் சுற்றியே நின்றது.

வண்டி ஆட்டம் நின்றது. டிரைவர் எழுந்து வரும் சத்தம் கேட்டது. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகினேன். அது கம்பெனியில் மூடின மூடி, இறுக்கம். விரல் நழுவியது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். டக்கென்று விட்டது. பாட்டிலை அப்படியே மடியில் கவிழ்த்தேன். முழுவதும். சீட்டில், சேலையில், காலடியில், எல்லா இடத்திலும்.

டிரைவர் படியில் ஏறி எட்டிப் பார்த்தான்.

"என்னாச்சுங்காத்தா?"

"வண்டி ஆடுனதுல தண்ணி கொட்டிருச்சு."

அவன் பாட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். அப்புறம் இறங்கி, அவன் பக்கமாக ஏறி வந்து, வண்டி துடைக்க வைத்திருந்த புதுத் துணிகளையெல்லாம் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். போகும்போது அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியையும் முழுக்க இறக்கிவிட்டான்.

மகன் போல்ட்டோடு வந்தான். வந்ததும் கத்தினான்.

"புது சீட்டும்மா! மூடிய ஒழுங்கா மூடி வெக்க மாட்டீங்களா?"

"நம்பரையே ஒழுங்காப் பாக்காத நீ, மூடியப் பத்திப் பேசாத. வேலையப் பாரு."

அவன் கீழே குனிந்துவிட்டான். போல்ட்டை அடித்துப் பொருத்தினார்கள். ரெஞ்சில் நானூற்று நாற்பத்து மூன்று வைத்தார்கள். இந்த முறை ஒவ்வொரு நட்டும் ஒருவர் கைக்கே சொன்னது. டக், டக் என்று எனக்குக் கீழே கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஈரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

கோவிலுக்குப் போனதும் மேளம் அடித்தார்கள். மருமகள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சொந்தக்காரர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். அந்தச் சேலையோடு அத்தனை பேருக்கு நடுவில் இறங்கி நான் எப்படிச் சன்னதிக்குள் போவது?

"இறங்குங்க அத்தை."

"நான் இறங்குல. மேல இருந்தே கும்பிட்டுக்கறேன்."

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி அதன் மேல் ஏறி, கோவிலைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. எல்லோரும் அண்ணாந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வண்டியை விட்டு இறங்காமல் சுற்றுகிறார் பெரியம்மா என்று யாரோ மெச்சியதும் கேட்டது. நான் மாலைக்குப் பின்னால், நேராக உட்கார்ந்திருந்தேன்.

சுற்றி முடிந்ததும் மகன் நிழலில் நிறுத்தச் சொன்னான். டிரைவர் காதில் வாங்காத மாதிரி வண்டியை வளைத்து, என் பக்கம் வெயில் விழும்படி நிறுத்தினான்.

"இங்கயே இருக்கட்டுமுங்களா ஆத்தா? பொங்கல் பொங்கற வரைக்கும்?"

"இருக்கட்டும்" என்றேன்.