தண்ணீர் பட வேண்டிய முகம்

ஸரீனா ராத்தா மௌத்தான செய்தி என்னிடம் ஒரு கேள்வியாகத்தான் வந்து சேர்ந்தது. லுஹர் தொழுதுவிட்டுச் சலூன் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். அவருடைய மகள் நுஸ்ரா அழைத்தாள்.

"சாச்சி, உம்மா மேக்கப் எடுக்கிற எண்ணெய்ப் போத்தல் சலூன்லயா இருக்கு?"

"ஓம், இங்கதான் இருக்கு. ஏன், உம்மா வந்திட்டாங்களா?" என்றேன். பாலாவியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பெண் சோடிக்க அவர் காலையிலேயே போயிருந்தார்.

நுஸ்ரா சொன்னாள்: "உம்மா மௌத்தாகிட்டாங்க சாச்சி. ஆஸ்பத்திரியில இருந்து வீட்ட கொண்டு வாறாங்க. மூஞ்சில மேக்கப் இருக்கு. எடுக்காமக் குளிப்பாட்ட ஏலாது. ஒங்களுக்குத்தானே எடுக்கத் தெரியும்."

மணப்பெண்ணுக்கு மை இழுத்துக்கொண்டு நின்றவர், தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கதிரையில் இருந்திருக்கிறார். அதன் பிறகு அவர் எழும்பவில்லை.

நான் கட்டுரை எழுதிப் பழக்கமில்லாதவள். புத்தளத்தில் ராத்தாவோடு சேர்ந்து ஒரு பெண்கள் சலூன் நடத்தியவள், அவ்வளவுதான். ஆனால் அவருடைய முகத்தைப் பற்றி இப்போது ஊரில் ஓடும் கதைகளுக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. "எழுதுங்க சாச்சி, இனி மறைக்க என்ன இருக்கு" என்று நுஸ்ராவும் சொல்லிவிட்டாள். அவரைத் தெரிந்தவர்கள் வாசிக்கட்டும். கதை கட்டுகிறவர்கள் கட்டாயம் வாசிக்கட்டும்.

ராத்தா மன்னார்ப் பக்கத்தவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, உடுத்த உடுப்போடு வந்து புத்தளத்தில் இறங்கிய சனத்தில் அவரும் ஒரு குமர்ப்பெண். முகாமில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு, ஓலைக் கொட்டிலுக்குள் வைத்து, பவுடர் டின் ஒன்றும் மைப்பென்சில் ஒன்றும் கொண்டு முதன்முதலாகப் பெண் சோடித்தாராம். "எடுக்கிறதுக்குத் தேங்காய் எண்ணெய்தான். அதுவும் கறிக்கு வெச்சிருந்தது. அந்தப் புள்ள மூஞ்சியெல்லாம் வெங்காயம் மணத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கிட்டப் போனா" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தக் காலத்தைப் பற்றி அவர் வேறு எதையும் சிரித்துக்கொண்டு சொல்லி நான் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்த பிறகு அவருடைய சொந்தக்காரர்களில் சிலர் மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். ராத்தா போகவில்லை. கணவர் காலமாகியிருந்தார், ஒரே மகள் இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில்தான் நாங்கள் இருவரும் சலூனைத் திறந்தோம். கல்பிட்டியிலிருந்தும் ஆலங்குடாவிலிருந்தும் எங்களைக் கூப்பிட்டார்கள்.

போன வீட்டிலெல்லாம் ராத்தா முதலில் செய்கிற வேலை எனக்கு வெட்கமாக இருக்கும். பெண்ணின் உம்மாவைக் கூப்பிட்டு, "எடுக்கிறதப் பத்தி முதல்ல கதைப்பம்" என்பார். ஒரு வீட்டில் அந்த உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாங்க ஒங்களப் போடத்தானே கூப்பிட்டம்?"

"போட்டுட்டு நான் போயிருவேன். எடுக்கிறது இந்தப் புள்ளதானே. மஃரிப் தொழ மூஞ்சி கழுவி வுழூ செய்ய வேணாமா? இது தண்ணிக்கு அசையாத சாமான். மேலால தண்ணி ஓடும், தோல்ல படாது."

சொல்லிவிட்டுப் பெண்ணின் புறங்கையில் பவுண்டேஷனை ஒரு பொட்டளவு பூசினார். கொண்டு வந்த ரிமூவரால் அதை எடுத்தார். பிறகு விரலை நனைத்து, எடுத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். "தண்ணி முத்து மாதிரி நிண்டா இன்னும் மிச்சமிருக்கு. பரவி இறங்கினாத்தான் அது தோல்." அந்த உம்மா பிறகு தன் கையையும் நீட்டிப் பார்த்தார் என்பது வேறு கதை.

நல்ல ரிமூவர் ஒன்றைத் தேடி அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைக்காரர் கெட்டிக்காரச் சாமான் என்று தந்த நீலப் போத்தல் கண்ணை எரித்தது. ஈரத் துணியாக வருகிற பைக்கட் துடைப்பதற்கு வசதி. ஆனால் அது அழுக்கை எடுக்காமல் முகம் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். நுரைக்கிற சாமான் எங்கள் கிணற்று உவர்த் தண்ணீரில் நுரைக்கவே இல்லை. "இதச் செஞ்சவன் நம்மட கிணத்த நெனச்சு செய்யல்ல" என்று ஓரமாக வைத்துவிட்டார். கடைசியில் வந்து நின்றது வாசனை போடாத மெல்லிய எண்ணெய் ஒன்றில். பஞ்சில் நனைத்து முகத்தில் வைத்து, அது கரைக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு குழந்தைச் சவர்க்காரம், மழைத் தண்ணீர். மழைத் தண்ணீருக்கென்றே வீட்டில் ஒரு நீலப் பீப்பாய் வைத்திருந்தார். "எப்பயாவது போடுறவ எதாலயும் எடுக்கலாம். ஒவ்வொரு நாளும் போடுறவள் தோலுக்கு இரக்கமானதத் தேடணும்" என்பார்.

நான் பஞ்சால் தேய்த்தால் கையில் ஒரு தட்டு விழும். "தேய்க்காதீங்க தங்கச்சி! வெச்சுக்கொண்டிருங்க!" இவ்வளவு கோபம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ராத்தா எப்போதும் முழு மேக்கப்போடுதான் வருவார். தொழுகை நேரத்துக்குச் சலூனின் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே வர வெகுநேரம் எடுக்கும். "ராத்தா உள்ளுக்கு மாப்பிள்ளைக்குச் சோடிக்கிறாங்க" என்று நான் பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார்.

ஒருநாள் கொண்டி சரியாக விழவில்லை. பஞ்சு எடுக்க நான் கதவைத் தள்ளினேன். கண்ணாடிக்கு முன்னால் ஈர முகத்தோடு இருந்தார். வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் நெற்றியில் பாதியிலும் நிறமே இல்லை. பால் சிந்தின மாதிரி வெள்ளை. நான் வெளியே போகத் திரும்பினேன்.

"போகாதீங்க. கதவச் சாத்திட்டு உள்ளுக்கு வாங்க" என்றார்.

வெண்புள்ளி. தொட்டால் தொற்றாது, நோவாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது. தோல் நிறத்தை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். தேய்க்கிற இடத்தில் புதிதாக வரப் பார்க்கும், ஆகவே தேய்க்க வேண்டாம் என்று தோல் டொக்டர் சொல்லியிருக்கிறார். முதலில் மணிக்கட்டில்தான் வந்ததாம். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் பெரியம்மா அதைக் கண்டுவிட்டு, "ஒங்கட கை எங்கட புள்ளட மூஞ்சில பட வேணாம்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார். ராத்தா திறந்த பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் பெரியம்மா மீது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அன்றையிலிருந்து கனமாகப் பூசி மறைக்கத் தொடங்கினார். பூசினால் தொழ முடியாது. எடுத்தால் வெளியே வர முடியாது. ஆகவே தொழுகைக்கு எடுத்து, தொழுதுவிட்டுத் திரும்பப் பூசி, அடுத்த வக்துத் தொழுகைக்கு மீண்டும் எடுத்து. தோலுக்கு இரக்கமான சாமானை அவர் தேடியது ஊர்ப் பெண்களுக்காக மட்டுமில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

"தெரிஞ்சாத் தெரியட்டும் ராத்தா. விடுங்களேன்" என்றேன்.

"எனக்கென்ன? நுஸ்ராக்கு யார் வருவாங்க? உம்மாக்கு இருந்தா மகளுக்கும் வரும் என்பாங்க. அவளுக்கு ஒரு எடம் சரி வரட்டும், நான் ஒண்டும் பூச மாட்டேன். பாலாவிச் சந்தியில வெறும் மூஞ்சியோட நிண்டு பிளேன்டி குடிப்பேன். நீங்களும் வரணும்."

வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

போன நோன்பு முடிந்த பிறகு நுஸ்ராவுக்கு ஓர் இடம் சரி வந்தது. மரியாதையான குடும்பம். நிக்காஹ்வுக்கு நாளும் குறித்தாயிற்று. ராத்தா அந்த நாட்களில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தார். பிளேன்டிக்கு இஞ்சி போடச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

நான் போத்தலோடு போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டச் சீலை கட்டியாயிற்று. ராத்தாவின் ஜனாஸா உள்ளே இருந்தது. மறைப்புக்குள் குளிப்பாட்டுகிற இரண்டு பெண்கள். அவர்களோடு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் உம்மாவும் நின்றார். நல்ல மனதோடுதான் வந்திருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "நம்மட ஆள்தானே, என்ட கையாலயும் தண்ணி ஊத்தணும்" என்றார். வெளியே இருந்து ஓதுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

நான் வெளியே வந்தேன். நுஸ்ரா நீலப் பீப்பாய்க்குப் பக்கத்தில் வாளியோடு நின்றாள். காதுக்குள் சொன்னேன். "மகள், மாமியார் உள்ளுக்கு நிக்கிறா. எடுத்தாக் காண்பா."

அவள் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எடுக்காமல் விட்டால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. பாலாவியில் பூசிய அழகோடு ராத்தா கபுறுக்குப் போயிருப்பார். மகளுடைய கல்யாணமும் நடந்திருக்கும்.

"எடுங்க சாச்சி. உம்மாக்குத் தண்ணி படணும்" என்றாள். வாளியை என் கையில் தந்தாள்.

பஞ்சை நனைத்து நெற்றியில் வைத்தேன். தேய்க்கவில்லை. வைத்துக்கொண்டிருந்தேன். மண்ணிறம் பஞ்சில் ஏறி ஏறி வந்தது. வெள்ளை தெரியத் தொடங்கியபோது தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் உம்மாவின் கை நின்றுவிட்டது. ஆனாலும் கடைசி வரை நின்று தண்ணீர் ஊற்றினார், அழவும் செய்தார். அதற்காக அவருக்கு நன்மை கிடைக்கட்டும்.

மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவர் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. இது நம் பெண்களில் ஒருவருக்கும் தெரியாததல்ல. ஆனாலும் அந்தக் கிழமை முடிவதற்குள் தரகர் வந்து, மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்க்கிறார்களாம் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த கிழமை, ராத்தாவுக்குக் குஷ்டம் இருந்தது என்று மீன் கடையில் கதை. அவர் சோடித்த பெண்கள் சிலர் டொக்டரிடம் போய்க் காட்டுகிறார்களாம். சலூனுக்கு இப்போது ஒருவரும் வருவதில்லை. அவர் அத்தனை வருடம் பூசிப் பூசிக் காத்தது எதுவும் மிஞ்சவில்லை. இந்தக் கட்டுரையால் அது திரும்பி வரும் என்றும் நான் நம்பவில்லை.

நேற்று நுஸ்ரா சலூனுக்கு வந்தாள். வெறுமையான கதிரைகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். கல்யாணத்தைப் பற்றியோ ஊரைப் பற்றியோ அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. போகிற நேரம் வாசலில் நின்று கேட்டாள்.

"சாச்சி, நான் வெளியிலதானே நிண்டேன். உம்மாட நெத்தியில தண்ணி எப்பிடி நிண்டிச்சு?"

முதல் தரம் ஊற்றியபோது தண்ணீர் முத்து முத்தாக நின்றது. எண்ணெய் மிச்சமிருந்தது. குழந்தைச் சவர்க்காரம் போட்டு, இன்னொரு தரம் பீப்பாய்த் தண்ணீரை ஊற்றச் சொன்னேன்.

"நிக்கல்ல மகள்" என்றேன். "பரவி இறங்கிச்சு."

ராத்தா, உங்கள் முகத்தில் இனி ஒன்றும் மிச்சமில்லை. வெறும் முகத்தோடு போய்ச் சேருங்கள். இஞ்சி போட்ட பிளேன்டியை இனி நான் பாலாவிச் சந்தியில் தனியாகத்தான் நின்று குடிக்க வேண்டும்.