தழும்பை மட்டும் மாற்றவில்லை

என் முதல் நாவலை எழுதியபோது எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அதற்கு முன் எழுத முயன்றதே இல்லை என்றால் பொய்யாகும். கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே பத்திரிகைகளுக்குக் கதைகள் அனுப்பியிருக்கிறேன். பார்த்தே இராத கடலைப் பற்றியும் பேசியே இராத பெண்களைப் பற்றியும் எழுதிய கதைகள் அவை. எல்லாம் திரும்பி வந்தன. பிறகு இடுக்கி மலையில், எஸ்டேட்டுகளுக்கு நடுவே சில வருடங்கள் வேலை பார்த்தேன். அந்தப் பனியையும் மழையையும் பார்த்தால் யாருக்கும் கவிதை வரும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்குச் சளிதான் வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துக்கு, வேலந்தாவளம் பக்கத்து மிருகாசுபத்திரிக்கு மாற்றலாகி வந்தேன். வாசல் பலகை மலையாளத்தில் இருக்கும். உள்ளே மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கோயமுத்தூர்த் தமிழ் பேசுவார்கள். பச்சைப் பாலக்காடு என்று கேள்விப்பட்டு வந்தவனுக்கு அந்த வறண்ட கடலைக்காடுகளைப் பார்த்து முதலில் ஏமாற்றம்தான். அந்த மண்தான் என்னை எழுத்தாளனாக்கியது.

மாட்டு வைத்தியனுக்கு ஒரு சலுகை உண்டு. மருந்து கொடுத்த பிறகு அது வேலை செய்கிறதா என்று பார்க்கத் தொழுவத்திலேயே காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மனிதர்கள் பேசுவார்கள். மாட்டின் சீக்கைச் சொல்ல ஆரம்பித்து வீட்டின் சீக்கைச் சொல்லி முடிப்பார்கள். தங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் சொல்லக் கூசுவதையெல்லாம் என்னிடம் சொன்னார்கள். எனக்கு என்ன தெரியப் போகிறது, நான் மாட்டு டாக்டர்தானே என்ற நினைப்பு.

எலப்புள்ளிக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில், வயிறு உப்பிப்போன ஒரு மயிலைக் காளைக்கு அப்படித்தான் ஒரு மத்தியானம் காத்திருந்தேன். நடுத்தர வயதுக் கணவன் மனைவி, அவர்களுடைய கிணறு, அதில் தோல்பறியால் தண்ணீர் தூக்கிக் கவலை இறைக்கும் ஒரு ஜோடிக் காளைகள். நோயாளி அந்த ஜோடியில் ஒன்று. அதன் இடுப்பின்மேல், முதுகெலும்புக்கு இருபுறமும், பிறை போல வளைந்த இரண்டு சூட்டுத் தழும்புகள் இருந்தன.

"இடுப்புப் பிடிப்புக்குப் போட்ட சூடா?" என்று கேட்டேன்.

விவசாயி சிரித்தார். "ஊருக்கு அப்பிடித்தானுங்க சொல்லி வெச்சிருக்கறேன்."

"டாக்டருகிட்ட என்ன மறைக்கறது? சொல்லுங்க" என்றார் மனைவி. கணவர் வாய் திறப்பதற்குள் தானே சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்.

இந்தக் காளை கன்றாக இருந்தபோது தாய்ப்பசு செத்துப்போனது. இந்த அம்மாதான் கஞ்சியும் புட்டிப்பாலும் கொடுத்து வளர்த்தார். ஒருநாள் குளிப்பாட்டும்போது அந்த இடத்தில் இரண்டு சுழிகளைப் பார்த்தார். ரோமம் சுழன்று நிற்கும் இடத்தைத்தான் சுழி என்கிறோம். எந்த இடத்தில் இருந்தால் என்ன பலன் என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். இது பாடைச்சுழி. வைத்திருப்பவனைப் பாடையில் ஏற்றிவிடும் என்பார்கள். கணவரின் அண்ணன் சுழி பார்ப்பதில் கெட்டிக்காரர். அவர் கண்ணில் பட்டால் கன்று அன்றைக்கே வெளியே போய்விடும். அதனால் அவர் வருவதற்குள், வளைந்த அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி இரண்டு சுழியையும் பொசுக்கிவிட்டார்கள்.

"அண்ணன் வந்து தடவித் தடவிப் பாத்தாருங்க. ராசாவாட்டம் மாடுன்னுட்டுப் போனாரு" என்றார் விவசாயி. "இன்னைக்கு வரைக்கும் என்னைய ஒண்ணும் தூக்கீட்டுப் போகல."

"வாயக் கழுவுங்க" என்றார் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, "வெளிய சொல்லிப்போடாதீங்க டாக்டரு. நாளைக்கு இதை விக்கோணும்னா ஒருத்தனும் கயித்தத் தொடமாட்டான்."

"நான் யாருகிட்டச் சொல்லப்போறேன்" என்றேன்.

காளையின் வயிறு வடிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே என் நாவலின் முதல் வரி மனதில் வந்து நின்றுவிட்டது. இத்தனை வருடமாக எங்கெங்கோ தேடியது ஒரு மாட்டின் இடுப்பில் கிடைத்தது. காலையில் ஆசுபத்திரி திறப்பதற்கு முன் தினமும் எழுதினேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. கோயமுத்தூர் வாரப்பத்திரிகை ஒன்று அதைத் தொடராக வெளியிட ஒப்புக்கொண்டது. அரசாங்க வேலையில் இருந்ததால் புனைபெயர் வைத்துக்கொண்டேன்.

யாரும் அடையாளம் காணக்கூடாது என்று ஊரை மாற்றினேன், ஆட்களின் பெயர்களை மாற்றினேன், சாம்பல் நிற மயிலைக் காளையைச் செந்நிறச் செவலையாக்கினேன். தழும்பை மட்டும் மாற்றவில்லை. அரிவாள் பிறையும் அதன் அடியில் பாடைச்சுழியும் அப்படியே இருந்தன. அது அவ்வளவு அழகாக அமைந்திருந்தது. மனிதர்களைப் பெயரைக் கொண்டும் மாடுகளை உடம்பில் உள்ள குறியைக் கொண்டும் நினைவு வைத்திருக்கிற ஊரில், பெயரை மாற்றிவிட்டுக் குறியை விட்டுவைத்தேன். ஒரு மாட்டு வைத்தியன் செய்யக்கூடாத தவறு.

தொடர் முக்கால்வாசி வந்திருந்த சமயம், வேலந்தாவளம் மாட்டுச் சந்தையன்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கதை.

"இதை எழுதுனவன் பேனா புடிச்சவன் இல்லப்பா. சாணி அள்ளுனவன்" என்றார் ஒரு மாட்டுத் தரகர்.

"ஏன், நீ எழுதிப் பாக்கறது?"

"நான் எழுதுனா விலைய மட்டுந்தான் எழுதுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிற்பாடு எத்தனையோ மேடைகளில் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். அந்த டீக்கடையில் கேட்டதற்கு எதுவும் ஈடாகவில்லை.

தரகர் எழுந்து வெளியே போனார். அங்கே அந்த எலப்புள்ளி விவசாயி தன் ஜோடிக் காளைகளோடு நின்றிருந்தார். சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு கிணற்றிலும் கரண்டு மோட்டார் வந்துகொண்டிருந்த காலம். காளைகளை விற்றுத்தான் அவர் மோட்டார் வைக்க வேண்டும். அவருடைய கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. கவலையில் எட்டும் தண்ணீர் பாதிப் பயிருக்குக்கூடப் போதாது.

தரகர் துண்டை விரித்தார். அந்தச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்கு அடியில் கை கோத்து, விரல் பிடித்துச் சொல்வார்கள். இரண்டு கைகளும் துண்டுக்குள் போயின. தரகர் மற்றக் கையால் காளையின் இடுப்பைத் தடவினார். தடவிய கை நின்றது.

"அட, இது கதையில வர்ற மாடாட்ட இருக்குது" என்றார். "ஏனுங்க, இந்தத் தழும்புக்கு அடியில என்ன இருக்குது? நீங்க சொல்றீங்களா, இல்ல பத்திரிகையப் பாத்துக்கட்டுமா?"

விவசாயிக்குப் பத்திரிகை படிக்கும் வழக்கமில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவர் கதையைச் சொன்னார். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இன்னொருவர், "அடிமாட்டுக்குன்னா நான் ஓட்டிக்கறேன்" என்றார்.

"என்ற மாடு கத்திக்குப் பொறந்ததில்லீங்க" என்றார் விவசாயி.

பிறகு சுற்றிலும் பார்த்தார். டீக்கடையில் என்னைப் பார்த்தார். கதையை எழுதியவன் யார் என்று அந்தச் சந்தையில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்க முடியும். அங்கேயே கை நீட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காளைகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து அவர் மனைவி ஆசுபத்திரிக்கு வந்தார். மாடு எதையும் பிடித்துக்கொண்டு வரவில்லை.

"கதை இன்னும் முடியலைன்னு சொன்னாங்க. நெசமுங்களா?"

"ஆமா. கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கு."

"அப்ப நல்லபடியா முடிச்சுப் போடுங்க. சுழி பொய்யின்னு எழுதுங்க. அந்த மாட்டுனால குடும்பம் நல்லா இருந்துதுன்னு எழுதுங்க. நீங்க எழுதுனதை நம்புனவங்க இதையும் நம்புவாங்கல்ல? அப்பறம் சந்தைக்கு ஓட்டிப் பாக்கறோம்."

"பாக்கறேம்மா."

"பாக்கறேன்னு சொல்லாதீங்க. எழுதறேன்னு சொல்லுங்க."

எழுதுகிறேன் என்று சொன்னேன்.

உட்கார்ந்து எழுதவும் செய்தேன். சுழி என்பது ரோமம் திரும்பியிருக்கும் திசைதான், வேறொன்றும் இல்லை என்பது என் படிப்புக்குத் தெரியும். கதையில் ஒரு மாட்டு டாக்டரைக் கொண்டுவந்து அதைச் சொல்லவைத்தேன். குடும்பம் செழித்தது. படித்துப் பார்த்தேன். அரசாங்கத் துண்டுப் பிரசுரம் மாதிரி இருந்தது. ஏற்கெனவே எழுதி வைத்திருந்த முடிவு மேஜையில் கிடந்தது. அதில் கணவன் கவலைக் கிணற்றில் விழுந்து செத்துவிடுகிறான். ஊரார் நெருக்க, மனைவி தானே அந்தக் காளையை எல்லை தாண்டி நடத்திக்கொண்டு போய் அடிமாட்டு வியாபாரியிடம் கயிற்றைக் கொடுக்கிறாள். அந்த நடைதான் முழு அத்தியாயமும்.

பழையதை அனுப்பினேன். கலைக்காக என்று வெகுநாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. டீக்கடையில் அடுத்த வாரமும் அவர்கள் வாயடைத்துக் கேட்க வேண்டும் என்ற ஆசை மீதிப் பாதி. அவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். பத்திரிகைக்குக் கடிதங்கள் குவிந்தன. நாவல் புத்தகமாக வந்தது. இன்றும் படிக்கிறார்கள். அந்தக் கடைசி அத்தியாயத்தில் ஒரு சொல்லை மாற்று என்றால் இப்போதும் மாற்றமாட்டேன்.

அந்த வருடக் கோடையில் வேலந்தாவளத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது விவசாயியின் மனைவியைப் பார்த்தேன். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே பக்கத்தில் வந்தார்.

"மோட்டார் வெச்சாச்சா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"இல்லீங்க. அதே மாட்டை வெச்சுத்தான் எறைக்கறோம். மேக்கால காட்டைத் தரிசா உட்டுட்டோம்." கையில் இருந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "பக்கத்துத் தோட்டத்து மருமக கடைசிப் பாகத்தைப் படிச்சுக் காட்டுனாங்க. அந்தப் பொம்பள கயித்தக் குடுத்துட்டு வெறுங்கையப் பாத்துட்டு நிக்கறான்னு எழுதியிருக்கறீங்களே. கேட்டுட்டு எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலீங்க. ஓடிப்போயி எங்க மாட்டத் தொட்டுப் பாத்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இனி மாட்டுக்கு எது வந்தாலும் உங்களைக் கூப்புட மாட்டோமுங்க. கோவிச்சுக்காதீங்க."

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். நான் ஏறவேண்டிய பஸ்ஸும் அதுதான். ஏறவில்லை. வெயிலில் அங்கேயே நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சாப்பிடாமல் இருந்தார் என்று கேட்டதும் அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. அதையும் சேர்த்து எழுதாவிட்டால் இது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது.