அஞ்சலையின் ஓட்டும் புதுச்சேரித் தொகுதியும்

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. மற்றவர்கள் கோயில் கோயிலாகப் போவார்கள், நான் தொகுதி தொகுதியாகப் போவேன். ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் படித்துவிட்டால் அதன் கிராமங்களைக் கண்ணால் பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரித் தொகுதிக்குக் கிளம்பினேன். கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. போனது வில்லியனூர், பாகூர்.

பகல் 12.40க்கு வில்லியனூரில் பேருந்தை விட்டு இறங்கினேன். ஆட்டோ நிறுத்தத்தில் ஏழுமலை கிடைத்தார், ஐம்பதைத் தாண்டிய மனிதர். பாகூருக்குத் தெற்கே எல்லையோர ஊர்க்காரர். ஏதோ நகல் எடுக்க வந்தவர், வெறும் வண்டியாகத் திரும்ப இருந்தார். கீழூரைக் காட்டிவிட்டுப் பாகூரில் இறக்கிவிட 700 ரூபாய். அஞ்சு மணிக்கு முன் ஊர் போய்விட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னார். எல்லா ஓட்டுநரும் சொல்வதுதானே என்று தலையாட்டி வைத்தேன்.

ஒதியம்பட்டு, உறுவையாறு, மங்கலம் என்று வண்டி போக, நான் பாடம் எடுத்துக்கொண்டே வந்தேன். யூனியன் பிரதேசம் முழுவதற்கும் ஒரே எம்.பி. பாகூர் வயலில் நாற்று நடுபவரும், காரைக்கால்காரரும், கேரளத்தை ஒட்டிய மாஹேக்காரரும், ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாம்காரரும் அதே ஒருவருக்குத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். ஆனால் பக்கத்துத் தெருவே கடலூர்த் தொகுதியாக இருக்கும்! ஏழுமலை சிரித்தார். தானும் ஒரு கட்சிக்குப் பூத் ஏஜென்ட் என்றும், தன் வீட்டில் ஓட்டு சிதறவே சிதறாது என்றும் பெருமையாகச் சொன்னார்.

கீழூருக்கு ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். 1954இல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடித்தான் பிரெஞ்சு ஆட்சியா, இந்தியாவா என்று வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியா என்றார்கள், எட்டுப் பேர் மறுத்தார்கள். எனக்கு அந்த எட்டுப் பேர் மீதுதான் கண். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் கை தூக்க என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்! நினைவிடத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன், குறிப்பு எழுதினேன், மரத்தடியில் காலை நீட்டினேன். மணி 3.50 ஆகிவிட்டது.

ஏழுமலையின் போன் மூன்றாவது முறை அடித்தது. திரும்பி நின்று மெதுவாகப் பேசினார். என்ன சங்கதி என்று துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சம்சாரத்தோட ஓட்டு போயிடும் சார். இன்னிக்கு அஞ்சு மணியோட ஓட்டர் லிஸ்ட் முகாம் முடியுது. ரேஷன் கார்டு, நகல் எல்லாம் இந்த வண்டியிலதான் இருக்குது."

முன்பே சொல்வதற்கென்ன என்று கேட்டேன்.

"சவாரி வந்தவங்ககிட்ட வூட்டுக் கதைய இன்னான்னு சொல்றது சார்?"

வண்டி பறந்தது. அந்தக் கதை வழியில்தான் வந்தது. அவர் மனைவி அஞ்சலை பிறந்தது எதிர் வீடு. நடுவில் இருபதடித் தெரு, அதுதான் மாநில எல்லை. பிறந்த வீடு கடலூர்த் தொகுதி, புகுந்த வீடு புதுச்சேரித் தொகுதி. தெருவைத் தாண்டியதற்கெல்லாம் யார் பட்டியலில் பெயர் மாற்றுவார்கள்? அம்மா வீட்டு ஓட்டு அப்படியே நின்றது. இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். இருபத்தாறு வருஷமாக அஞ்சலை அம்மாவோடும் தங்கையோடும் எதிர்ப் பக்கம்தான் வாக்களித்து வந்தார். இப்போது பட்டியலைச் சரிபார்க்க அலுவலர்கள் வந்தபோது அந்தப் பக்கம் "கல்யாணமாகிப் போய்விட்டாள்" என்றார்கள், இந்தப் பக்கம் "அவளுக்கு ஓட்டு எதிர்ப் பக்கம்" என்றார்கள். இரண்டும் உண்மை. இரண்டு பட்டியலிலும் பெயரை அடித்துவிட்டார்கள்.

கரிக்கலாம்பாக்கத்தில் கரும்பு டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. எட்டு நிமிஷம் போனது. நான் மரத்தடியில் நீட்டிய காலை நானே திட்டிக்கொண்டேன்.

4.46க்கு முகாம் நடந்த அவர் ஊர்ப் பள்ளிக்கூடம். வாசலிலேயே நின்ற அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தார், அது போதும். உள்ளே அலுவலராக இருந்த ஆசிரியை படிவங்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கார்டைப் பார்த்துவிட்டு, பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கலாம், எந்தப் பக்கம் என்று யோசித்துச் சொல்லச் சொன்னார். இரண்டு இடத்திலும் போட்டாயா என்றும் கேட்டார்.

"மை வச்ச வெரலோட இங்க எப்படிம்மா வர்றது? ஒரே நாள்லதான எலெக்‌ஷனு. அங்க மட்டுந்தான் குத்துனேன்" என்றார் அஞ்சலை. பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தார். "இந்தப் பக்கமே எழுதுங்க. தண்ணி வரலன்னா நான் சண்டைக்குப் போறது இந்தப் பக்கத்துக் கொழாய்க்குத்தான்."

கையெழுத்திட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கும்போது மணி 4.57.

போக நினைப்பவர்களுக்கு: கீழூருக்கு ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது, பேருந்தை நம்பினால் பாதி நாள் போகும். தண்ணீர் கையோடு இருக்கட்டும். நினைவிடத்துக்கு முக்கால் மணி நேரம் தாராளம். ஓட்டுநர் ஒரு நேரம் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். நான் தொகுதியின் வரலாறு முழுவதையும் ஒப்பித்தேன், என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் வீட்டில் ஒரு ஓட்டு செத்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாகூர் நிறுத்தம்வரை அஞ்சலையும் வண்டியில் வந்தார், சீட்டை மடிக்காமல் பிடித்தபடி. ஏழுமலைக்குத் தலைகால் புரியவில்லை. இனி தன் வீட்டில் மொத்த ஓட்டும் ஒரே பெட்டியில்தான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், பின்னால் திரும்பி, "இன்னாடி, நம்ம சின்னத்துக்குத்தான?" என்று கேட்டார்.

"அத உங்கிட்ட சொல்றதுக்கா நாலு மணியிலேர்ந்து வாசல்ல நின்னேன்?" என்றார் அஞ்சலை.