ஒன்பதாம் நிரை

நிறுவை என்றாலே உமாதேவிக்குப் பயம். மலாய் நாட்டு மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பதினேழு வயதில் கூடை தூக்கியவள் அவள். இப்போது ஐம்பத்து மூன்று. இதற்குள் எத்தனையோ மேனேஜர்கள் வந்து போய்விட்டார்கள். கூடை போய்ச் சாக்கு வந்தது, கையால் கிள்ளியது போய்க் கத்தரியும் மெஷினும் வந்தன. தராசுக்கு முன்னால் நிற்கும்போது வருகிற படபடப்பு மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை.

எடை குறைந்தால் கங்காணி லேசில் விடமாட்டார். "என்னா, மல ஏறி வேடிக்க பாக்க வந்தியா?" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்பார். அவருக்கென்ன, கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். வாங்கிக் கட்டிக்கொண்டவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் பெண்களுக்குள்ளே ஒரு பழக்கம் இருந்தது. யாருடைய சாக்கு இளைத்துத் தெரிகிறதோ, பக்கத்து நிரையில் பறிக்கிறவள் தன் கொழுந்தில் ஒரு கைப்பிடி அள்ளி அதில் போட்டுவிடுவாள். கேட்டுவிட்டும் போடமாட்டாள், பிறகு சொல்லிக்காட்டவும் மாட்டாள். மூத்தவனை எட்டு மாதம் வயிற்றில் சுமந்துகொண்டு உமாதேவி சரிவில் ஏற முடியாமல் நின்ற நாட்களில், அடுத்த வீட்டு மணியம்மா போட்ட கைப்பிடியால்தான் அவள் மானம் பிழைத்தது. பிறகு அவளும் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள். மூச்சு விடுவதைப் போல அது ஆகிவிட்டது. யாராவது மூச்சை எண்ணுவார்களா?

முட்டி தேய்ந்துபோய் மேடு ஏற முடியாமல் போனபோது, தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டுதான் ஆபீசுக்குப் போனாள். கணக்கெழுதும் கிராணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கீழே ஓடைக்கரைத் துண்டு நிலத்தில் ஒரு வேலை இருப்பதாகச் சொன்னார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்து மல்பெரி நட்டிருக்கிறார்கள், இலை பறித்துக் கொடுக்க ஒரு கை வேண்டும் என்றார்.

அந்தக் கைக்காகக் காத்திருந்தவள் அதீரா. பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் கமருஸ்ஸமானின் மகள். மேல்படிப்புப் படிக்கிறாள். மூக்குக்கண்ணாடி, சேறு அப்பிய பூட்ஸ், தலையில் முக்காடு, அதற்கு மேலே ஒரு தொப்பி. முதல் நாளே "வாங்க ஆன்ட்டி, உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேலை செய்யும் இடத்தில் உமாதேவிக்கு நாற்காலி போட்ட முதல் ஆள் அவள்தான்.

"இந்த எலயில அப்படி என்னாம்மா இருக்கு?"

"சோறு சாப்ட்டா ரத்தத்துல இனிப்பு ஏறுதுல்ல ஆன்ட்டி? அது மடமடன்னு ஏறாம தடுக்குற சத்து ஒண்ணு இதுல இருக்கு. ஆறு ரகம் நட்டிருக்கேன். இந்தக் குளிர்ல எதுல அந்தச் சத்து கூட இருக்குன்னு பாக்கணும்."

"பாரும்மா, நல்லாப் பாரு. எங்க லைன் வீடுகள்ல பாதிப் பேருக்கு இனிப்புநீர் லா."

ஆறு ரகம், ரகத்துக்கு இரண்டாகப் பன்னிரண்டு நிரை. அதையும் வரிசையாக நடாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கலைத்து நட்டிருந்தாள். படித்தவர்கள் செய்தால் காரணம் இருக்கும் என்று உமாதேவி கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் நிரைக்கு அரைக் கிலோ இலை பறித்து, நம்பர் போட்ட பையில் கட்டி, பக்கத்துக் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே அதீரா நிறுத்து எழுதி, மெஷினில் உலர்த்தி, பொடியாக்கி எடுத்துப் போவாள். "கொறைஞ்சா கொறைஞ்சதுன்னு எழுதிக்கலாம் ஆன்ட்டி" என்றும் அவள் சொல்லித்தான் இருந்தாள். முதல் சில வாரம் கூடவே நின்று பார்த்தாள். பிறகு மெஷினை விட்டு நகர முடியவில்லை, நிரைகள் உமாதேவியின் பொறுப்பாயின.

குறைந்தது என்று எழுதுவதா? அந்தச் சொல்லே உமாதேவியின் காதில் கங்காணியின் குரலில்தான் விழுந்தது. ஒன்பதாம் நிரை பாவம், பாறை நிழலில் மாட்டிக்கொண்டு நோஞ்சானாக நின்றது. என்ன பறித்தாலும் பை நிறையவில்லை. பக்கத்தில் பத்தாம் நிரை கொழுகொழுவென்று செழித்திருந்தது. உமாதேவி யோசிக்கவே இல்லை. பத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஒன்பதின் பையில் போட்டுக் கட்டினாள். இன்னொரு வாரம் மூன்றாம் நிரையைப் பூச்சி தின்றிருந்தது, அதற்கும் ஒரு கை போட்டாள். இரண்டு வருஷம் ஒரு செவ்வாயும் தவறவில்லை, ஒரு பையும் குறையவில்லை. "ஆன்ட்டி கட்டுனா கரெக்டா இருக்கும்" என்று அதீரா சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

போன மாதம் ஒரு செவ்வாய் பைகளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தபோது, அதீரா மெஷினைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"என்னாம்மா, காய்ச்சலா?"

"கணக்கு நிக்க மாட்டேங்குது ஆன்ட்டி. அதே செடி, அதே மண்ணு. ஒரு வாரம் சத்து ஏறுது, மறு வாரம் எறங்குது. மூணு தடவ திருப்பிப் பாத்துட்டேன். லேப்ல என் கைதான் சரியில்லன்னு புரொபசர் சொல்றார். வெள்ளிக்கிழம கடைசி நாளு. அன்னைக்கு ரிப்போர்ட்டக் குடுக்கலன்னா படிப்பு முடிஞ்சிச்சு. அத்தா கடையில போய் ரொட்டி போட வேண்டியதுதான்."

உமாதேவி பைகளைக் கீழே வைத்தாள். சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அதீராவே மேலே பேசினாள்.

"ஒரு பையில வேற ரகத்து எல கலந்தா எப்படிக் காட்டுமோ அப்படிக் காட்டுது. ஆனா அது எப்படி நடக்கும்? ஒவ்வொரு பையும் நீங்க கட்டுனது."

 தகரக் கூரைமேல் மழை பிடித்துக்கொண்டது. பிழைப்புப் போகும் என்ற பயம்கூட அந்த நேரத்தில் உமாதேவிக்கு வரவில்லை. இந்தப் பிள்ளை தன் கையையே மூன்று முறை சந்தேகப்பட்டிருக்கிறது, என் கையை ஒரு முறைகூடச் சந்தேகப்படவில்லையே என்றுதான் நினைத்தாள். பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? இருந்தாலும் அவளால் முடியவில்லை.

"நாந்தாம்மா போட்டேன்."

"என்னாது ஆன்ட்டி?"

"ஒம்பதுல கொறைஞ்சிச்சு. பத்துல இருந்து ஒரு கை எடுத்துப் போட்டேன். பை கொறையா இருந்தா உன்ன ஏதும் சொல்லிருவாங்களோன்னு..."

 அதீரா அவசர அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்திருந்தது. உமாதேவியால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"ஒம்பதுல மட்டும்தானே ஆன்ட்டி? பரவால்ல. அந்த ஒரு நிரையத் தூக்கிட்டாப் போதும். அந்த ரகத்துக்கு நாலாம் நிரை இருக்கு. மத்ததெல்லாம் நிக்கும். சொல்லுங்க, ஒம்பதுல மட்டும்தானே?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். துரை கேட்டாலும் கிராணி கேட்டாலும் எத்தனையோ பொய்க்கு உமாதேவி ஆமாம் போட்டிருக்கிறாள், ஒரு நாளும் நாக்கு கூசியதில்லை. அன்றைக்குக் கூசியது. பொய்க் கணக்கைக் கொடுத்துவிட்டு இந்தப் பெண் நாளைக்கு எங்கே போய் நிற்கும் என்று நினைத்தாள். லைனில் பாதிப் பேர் அந்தக் கணக்கை நம்பி இலையைக் காய்ச்சிக் குடிப்பார்களே என்றும் நினைத்தாள்.

"எது கொறைஞ்சாலும் போட்டேம்மா. மூணுல, ஏழுல, பதினொண்ணுல. எந்த வாரம் எதுலன்னு நெனவு இல்ல."

"ஒரு வாரமாச்சும் போடாம கட்டியிருப்பீங்களே?"

"தெரியலம்மா. கை தன்னால போட்டுரும். சத்தியமாத் தெரியல."

வெளிச்சம் போய்விட்டது. அதீரா கத்தவில்லை. கத்தியிருந்தால் உமாதேவிக்குத் தெம்பாக இருந்திருக்கும், திட்டு வாங்கிப் பழகியவள்தானே.

"நான் திரும்பப் பறிச்சுத் தர்றேம்மா. சம்பளம் வேணாம். தெனமும் பறிக்கிறேன், ஒரு எல மாறாது" என்றாள் உமாதேவி. 

"ரெண்டு வருஷத்த எப்படி ஆன்ட்டி திரும்பப் பறிப்பீங்க?" என்றாள் அதீரா. அதைக்கூட மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு கைப்பேசியை எடுத்துப் புரொபசரை அழைத்தாள். மலாயில்தான் பேசினாள். அங்கேயே பிறந்து வளர்ந்த உமாதேவிக்கு ஒரு சொல் தப்பாமல் புரிந்தது.

"சாலா சாயா, புரொஃப்" என்றாள் அதீரா. தப்பு என்னுடையது. பைகள் கலந்துவிட்டன. கட்டும்போது நான் கவனிக்கவில்லை. இல்லை, வேறு யாரும் இல்லை, நான் மட்டும்தான்.

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. உமாதேவி பதறிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"என் பேரச் சொல்லும்மா. உமாதேவிதான் செஞ்சான்னு சொல்லு. நானே பேசறேன், குடு."

அதீரா சும்மா இருக்கும்படி சைகை காட்டிவிட்டுக் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "ஆமாம் புரொஃப், ஆமாம்" என்று தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷத்தில் தான் செய்த தப்புக்கு இன்னொருத்தி திட்டு வாங்கி உமாதேவி பார்த்ததே இல்லை. அழைப்பு முடிகிறவரை அதீராவின் பக்கத்திலேயே நின்றாள்.