ஒரு நாள் குடித்தனம்

காலையில் பட்டாபிராம் ஸ்டேஷனில் ஊரே சென்ட்ரலுக்குப் போக முண்டியடிக்கிறது. எதிர்ப்பக்கம் வந்து நின்ற ரயிலிலிருந்தோ, பெண்கள் ஸ்டவ்வும் பாத்திரமுமாக இறங்குகிறார்கள்.

"குடி வர்றீங்களாம்மா?" என்று ஒருத்தியிடம் கேட்கிறேன்.

"இன்னிக்கு மட்டும் சார். குடிசைய இடிச்சிட்டு இங்க ஊடு குட்தாங்க. பாத்திரம் தேய்க்கிற வேலை சவுகார்பேட்டைல கீது. அங்கயே ரோட்டு பிளாட்பாரத்துல படுத்துக்கறோம். இன்னிக்கு ஆபீசர் செக்கிங் வர்றாரு. அடுப்பு எரியலேன்னா ஊட்டைப் புடுங்கிடுவாங்க."

வீடு கொடுத்த அரசாங்கம் வேலையையும் கூடவே அனுப்ப மறந்துவிட்டது போலும்.

"ஆபீசர் வந்துட்டாரா?"

அதே ரயிலின் முதல் வகுப்பிலிருந்து கைப்பெட்டியோடு இறங்குபவரைக் காட்டுகிறாள்.

"அவருக்கும் இங்க குவார்ட்டர்ஸ் கீது சார். அதுலயும் பூட்டுதான் தொங்குது. அங்க அடுப்பு எரியுதான்னு யாரு பாக்கறது?"